பம்ப் ஊர்ப் பையனும் பப் ஊரும்!

முதல்லயே ஒரு விஷயத்தைச் சொல்லிடறேன் மக்களே... நான் குடிக்க மாட்டேன். இதை எங்க அம்மா படிப்பாங்க என்பதற்காகச் சொல்லவில்லை. (சரி, கொஞ்சம் அதுக்காகவும்தான்!)

தமிழ்நாட்டில் சரக்கு வாங்க சட்டப்படி 21 வயசு ஆகணும். இங்கிலாந்தில் 18 போதும். எனக்கு வயசு 20. அதாவது, கோவையில் ஃப்ளைட் ஏறும்போது சின்னப் பையன். மான்செஸ்டரில் இறங்கும்போது பெரிய மனுஷன்! இந்த ஓட்டையை எங்க அம்மா எப்படியோ கண்டுபிடிச்சுட்டாங்க. ஏர்போர்ட் வாசலில் கையைப் பிடிச்சு, ‘‘நல்லாப் படிச்சுட்டு வா கண்ணு... அந்தக் கருமத்தை மட்டும் தொட்றாதே’’ என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் உள்ளே விட்டார்கள்.

சத்தியத்தைக் காப்பாத்திட்டேன். ஆனால், போன வருஷம் ஷெஃபீல்டில் எட்டு வார சம்மர் புராஜெக்ட் முடிச்சுத் திரும்பும்போது கணக்குப் பார்த்தால்... 14 பப்புக்குப் போயிருக்கிறேன்! எல்லா இடத்திலும் லைம் அண்ட் சோடா. இருக்கறதிலேயே அதுதான் சீப்.

குடிக்காதவனுக்கு பப்பில் என்ன வேலை? தனிமைதான் பாஸ். முதல் பத்து நாள் லேபில் ‘ஹாய்’, ‘பை’ தவிர ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ராத்திரி பத்து மணிக்குக்கூட முழுசாக இருட்டாத ஊரில், ரூம் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து நூடுல்ஸைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் வந்து சேர்ந்தார் நம்ம மதுரை அண்ணா. அதே டிபார்ட்மென்டில் பி.ஹெச்டி. பண்ணுகிறார்.

‘‘இங்கிட்டு மனுசங்க பேசறதைப் பாக்கணும்னா பப்புக்குத்தாண்டா வரணும். நீ சோடா குடி... யாரு என்ன கேக்கப் போறா?’’

அண்ணா ஒரு ரியல் ஏல் வெறியர். ஒரு பப் நல்ல பப்பா, மோசமான பப்பா என்பதற்கு அவரிடம் ஒரே ஒரு டெஸ்ட்தான். ‘‘உள்ள நுழைஞ்சதும் கவுன்ட்டர்ல கைப்பம்ப்பை எண்ணு. பத்து இருந்தா உக்காரு. ரெண்டு இருந்தா வந்த வழியே திரும்பிரு!’’

அது சரியா, தப்பா? எட்டு வாரமும் நாங்க அடிச்சுக்கிட்டது இதுக்குத்தான்.

*ஏலே இல்லை... ஏல்!*

திருநெல்வேலி ‘ஏலே’ இல்லை மக்களே, இது ‘ஏல்’. ஒரு வகை பியர். அதில் ‘ரியல்’ என்றால் என்ன? இட்லி மாவை நினைச்சுக்கோங்க. ஆட்டி வெச்ச மாவு ராத்திரியெல்லாம் உயிரோடு இருக்கு, புளிக்குது, பொங்குது. முதல் நாள் இட்லி, அடுத்த நாள் தோசை, மூணாவது நாள் ஊத்தப்பம். அதுக்கு மேல யாரும் தொட மாட்டாங்க.

ரியல் ஏலும் அப்படித்தான். பீப்பாய்க்குள்ளே ஈஸ்ட் உயிரோடு இருக்கும். பப்பின் நிலவறைக்கு வந்த பிறகும் உள்ளே புளிக்கிற வேலை நடந்துகொண்டே இருக்கும். கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டர் வெச்சுத் தள்ள மாட்டார்கள். கையால் பம்ப் அடித்துத்தான் எடுப்பார்கள். இதற்கு எதிர்க்கட்சி, ‘கெக்’ பியர். வடிகட்டி, சூடாக்கி, உயிரை எடுத்து, கேஸ் அழுத்தத்தில் வருவது. கெடாது, ஆனால் எந்த ஊரிலும் ஒரே ருசி என்பது ஏல் ரசிகர்களின் புலம்பல்.

1960-களிலும் 70-களிலும் ‘பிக் சிக்ஸ்’ என்ற ஆறு பெரிய கம்பெனிகள் கையில்தான் பிரிட்டிஷ் பியர் மார்க்கெட்டின் பெரும்பகுதி. அவர்கள் கெக் பியரைத் தள்ள ஆரம்பித்ததும் பீப்பாய் ஏல் காணாமல் போக ஆரம்பித்தது. 1971-ல் அயர்லாந்துக்கு டூர் போன நாலு இங்கிலாந்து இளைஞர்கள், ‘இதை இப்படியே விடக் கூடாது’ என்று ஒரு இயக்கம் தொடங்கினார்கள். அதுதான் ‘காம்ரா’. நாலு ஃப்ரெண்ட்ஸ் டூரில் ஆரம்பிச்சது, இன்னிக்கு பிரிட்டனின் பெரிய நுகர்வோர் அமைப்புகளில் ஒன்று. நாமெல்லாம் டூர் போய் என்ன பண்றோம்? போட்டோ எடுக்கறோம்!

‘‘இப்ப தெரியுதா? அன்னிக்கு சாய்ஸே இல்ல. இந்தப் பத்து பம்ப்பும் சும்மா வரலடா, சண்டை போட்டு வாங்குனது!’’ என்றார் அண்ணா. முதல் ரவுண்ட் அவருக்குத்தான்.

*இரும்பு ஊர்... ஏல் ஊர்!*

ஷெஃபீல்டு நம்ம கோயமுத்தூருக்கு ஒண்ணுவிட்ட அண்ணன் மாதிரி. அங்கேயும் ஃபவுண்டரி, அங்கேயும் மெஷின் ஷாப். 1913-ல் ஹாரி பிரியர்லி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் கண்டுபிடித்தது இந்த ஊரில்தான். உலைக்கு முன்னால் நின்று வியர்வையைக் கொட்டிய தொழிலாளிகள் ஷிஃப்ட் முடிந்ததும் நேராக நுழைந்த இடம் பப். அதனால்தான் பழைய ஃபேக்டரி இருந்த தெருவில் எல்லாம் மூலைக்கு ஒரு பப்.

கெல்ஹாம் ஐலண்ட் மியூசியத்தில் ‘ரிவர் டான் இன்ஜின்’ என்று ஒரு ராட்சச நீராவி இன்ஜின் நிற்கிறது. 1905-ல் செய்தது. 12,000 குதிரை சக்தி! போர்க்கப்பலுக்கான கவசத் தகடு உருட்டியது. இன்னமும் பார்வையாளர்களுக்காக நீராவியில் ஓட்டிக் காட்டுகிறார்கள். மெக்கானிக்கல் மக்களே, அது ஓடும்போது தரை அதிர்வது காலில் தெரியும். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அண்ணா வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு நின்றார். காரணம், பக்கத்திலேயே ‘ஃபேட் கேட்’.

குண்டுப் பூனை! 1981-ல் டேவ் விக்கெட் என்ற பாலிடெக்னிக் லெக்சரர் இன்னொருவரோடு சேர்ந்து வாங்கி நடத்திய பப் இது. பெரிய கம்பெனி பிடிக்குள் சிக்காமல், வேறு வேறு ஊர் ரியல் ஏல்களை வரவழைத்தார். 1990-ல் பக்கத்திலேயே சொந்தமாக ஏல் காய்ச்சவும் ஆரம்பித்துவிட்டார். அங்கே பிறந்த ‘பேல் ரைடர்’ 2004-ல் பிரிட்டனின் சாம்பியன் பியர். லெக்சரர்னா நமக்கு அட்டெண்டன்ஸ்தான் ஞாபகம் வரும். இப்படியும் லெக்சரர் இருந்திருக்கார் பாருங்க!

கொஞ்ச தூரத்தில் ‘கெல்ஹாம் ஐலண்ட் டேவர்ன்’. 2008, 2009 என்று அடுத்தடுத்து இரண்டு வருஷம் காம்ராவின் தேசிய ‘பப் ஆஃப் தி இயர்’. ரயில்வே ஸ்டேஷனுக்குள்ளேயே ‘ஷெஃபீல்டு டேப்’. 1904-ல் கட்டிய பழைய ரெஃப்ரெஷ்மென்ட் ரூம், பல வருஷம் பாழடைந்து கிடந்து, 2009-ல் பப்பாக மறுபிறவி எடுத்தது. டைல்ஸும் மரவேலையும் செட்டிநாட்டு வீடு போல ஜொலிக்கிறது. மூன்று இடத்திலும் பம்ப் வரிசையைப் பார்த்து அண்ணா முகம் கல்யாணப் பந்தியைப் பார்த்த முகம் மாதிரி ஆனது. ‘‘இதாண்டா பப்பு!’’

எனக்கு பதில் சொல்லத் தெரியவில்லை. லைம் சோடாவை உறிஞ்சினேன்.

*நம்ம சிலபஸ் ஆள்!*

குடிக்காதவன் ருசியைப் பற்றித் தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனால், பம்ப்பைப் பற்றிச் சொல்லலாமே! நான் பம்ப் ஊர்க்காரன் ஆச்சே.

கவுன்ட்டரில் நிற்கிற அந்த நீளக் கைப்பிடிக்குப் பெயர் ‘பியர் இன்ஜின்’. பேர்தான் இன்ஜின். உள்ளே சிலிண்டர், பிஸ்டன், வால்வு. நம்ம தெருவோர அடிபம்ப்பின் தங்கச்சி. ஒரு முழு இழுப்புக்கு அரை பைன்ட் வரும் மாதிரி செய்வது வழக்கம். இதற்கு 1797-ல் பேட்டன்ட் வாங்கியவர் யார் தெரியுமா? ஜோசப் பிராமா! ஆமா, ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் ‘பிராமா பிரஸ்’ என்று படிச்சு அரியர் வெச்சோமே, அதே ஆள். பிறந்தது ஷெஃபீல்டுக்குப் பக்கத்தில் பார்ன்ஸ்லி அருகே.

பம்ப் நுனியில் ‘ஸ்பார்க்ளர்’ என்று சல்லடை மாதிரி ஒரு சின்ன மூடி. அது வழியாக வந்தால் நுரை கெட்டியாக நிற்கும். வடக்கு இங்கிலாந்துக்காரர்களுக்கு அது வேணும். தெற்கே பல பேருக்கு அது வேண்டவே வேண்டாம். காபியை ஆத்தித் தரணுமா, அப்படியே தரணுமா என்று நம்ம வீட்டில் நடக்கிற அதே சண்டை.

*ரெண்டே ரெண்டு பம்ப்!*

என் ரூமுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பப் இருந்தது. பெயர் வேண்டாம். வெளியே பெயின்ட் உரிந்திருக்கும். உள்ளே இரண்டே பம்ப். அண்ணா கணக்குப்படி ‘வந்த வழியே திரும்பிரு’ கேட்டகிரி. ஒருநாள் மழைக்கு ஒதுங்கினேன்.

‘‘என்ன வேணும், லவ்?’’ என்றார் பப்பை நடத்தும் அம்மா. தூக்கிவாரிப் போட்டது! அப்புறம்தான் தெரிந்தது, அந்த ஊரில் ஆம்பளை பொம்பளை, சின்னவன் பெரியவன் எல்லோரும் எல்லோரையும் ‘லவ்’ என்றுதான் கூப்பிடுவார்களாம். எங்க ஊர் ‘கண்ணு’ மாதிரி. பதினோரு நாள் கழித்து என்னை ஒருத்தர் ‘கண்ணு’ என்று கூப்பிட்டார். அழுகை வந்ததை மழைத்தண்ணி என்று சமாளித்தேன்.

ஒரு சாயந்திரம் அவரிடமே கேட்டேன். ‘‘ஏன் ரெண்டே பம்ப்?’’

பதில் சொல்லவில்லை. ‘வா’ என்று நிலவறைக்குக் கூட்டிப் போனார். 12 டிகிரி குளிர். மரத் தாங்கிகளில் பீப்பாய்கள் படுத்திருந்தன. மேலே ஒரு துளையில் சின்ன மர ஆப்பு. முதலில் மெத்தென்ற ஆப்பு, காற்று வெளியேற. பொங்கி அடங்கியதும் கெட்டியான ஆப்பு, வாயுவைப் பிடித்து வைக்க. கலங்கல் அடியில் படிய மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த ‘ஐசிங்கிளாஸ்’ என்ற பொருளைச் சேர்ப்பது பழைய வழக்கம். (பியரில் மீன்! சைவ நண்பர்கள் நோட் பண்ணிக்கோங்க.)

‘‘பீப்பாயைத் திறந்துட்டா மூணு நாள்தான் நல்லா இருக்கும். அப்புறம் காத்துப் பட்டு புளிச்சுடும். நீ இன்ஜினீயரிங் பையன்தானே... கணக்குப் போடு!’’

போட்டேன். வழக்கமான ‘ஃபிர்கின்’ பீப்பாய் 9 கேலன். அதாவது 72 பைன்ட், சுமார் 41 லிட்டர். அடியில் தங்கும் மண்டியை விட்டுவிட்டால்கூட, மூணு நாளில் காலியாக ஒரு பம்ப்புக்கு ஒரு நாளைக்கு 24 பைன்ட் விற்கணும். பத்து பம்ப் என்றால் 240 பைன்ட். ஆளுக்கு இரண்டு என்று வைத்தால், தினமும் 120 பேர் வந்து ரியல் ஏல் மட்டுமே குடிக்கணும்! ஃபேட் கேட் மாதிரி ஊர் ஊராக ஆள் தேடி வரும் இடத்தில் அது நடக்கும். இந்த அம்மாவின் பப்பில் ஒரு நாளைக்குப் போவது 50 பைன்ட். ஐம்பதை 24-ஆல் வகுத்தால்... இரண்டு!

பம்ப் கர்வும் சிஸ்டம் கர்வும் வெட்டிக்கொள்ளும் டியூட்டி பாயின்ட்டில் அந்த அம்மா சரியாக நின்றுகொண்டிருந்தார். கர்வ் எதுவும் வரையாமலே.

நம்ம ஊர் தள்ளுவண்டியில் ‘64 வகை தோசை’ போர்டு பார்த்திருப்பீங்க. போர்டில் 64 இருக்கும், மாவு ஒண்ணுதான். அது புளிச்சிருந்தால் 64-ம் புளிப்புதான். எண்ணிக்கையை எண்ணாதே, மாவைப் பார்! இன்னொரு விஷயம்... கம்பெனிக்குச் சொந்தமான பப்பை வாடகைக்கு எடுத்து நடத்துபவர்கள் பல சமயம் அந்தக் கம்பெனி சொல்லும் சரக்கைத்தான் வாங்கணும். இதற்கு ‘டை’ என்று பெயர். அந்த அம்மாவுக்கும் அதே கதை. எந்த ஏல் என்பதே பாதி அவர் கையில் இல்லை. எப்படி வைத்துக்கொள்வது என்பது மட்டும்தான் அவர் கையில்.

இரண்டாவது ரவுண்ட் எனக்கு!

*வராத தாத்தா*

அந்த பப்பில் தினமும் சாயந்திரம் ஐந்தரைக்கு ஒரு தாத்தா வருவார். ரோலிங் மில்லில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். மனைவி இல்லை, மகள் ஆஸ்திரேலியாவில். மூலை நாற்காலி, குறுக்கெழுத்து, இரண்டு பைன்ட். ஏழு மணிக்கு வீடு. நான் மெட்டலர்ஜி புராஜெக்ட் என்று தெரிந்ததும் பேனாவை மூடிவிட்டு எனக்குக் கிளாஸ் எடுக்க ஆரம்பித்துவிட்டார். தகட்டின் நிறத்தைப் பார்த்தே வெப்பம் சொல்லும் கலை எந்தப் புத்தகத்திலும் அவ்வளவு தெளிவாக இல்லை. என் ரிப்போர்ட்டில் ஒரு பாரா முழுக்க அவர் சொன்னதுதான்.

ஏழாவது வாரம், வியாழக்கிழமை. மணி ஆறு. மூலை நாற்காலி காலி. ஆறேகால். அந்த அம்மா கடிகாரத்தை மூணாவது தடவை பார்த்தார். போன் போட்டார். ரிங் போனது, எடுக்கவில்லை. என்னையும் இன்னொரு ரெகுலரையும் பார்த்து, ‘‘போய்ப் பார்த்துட்டு வாங்க’’ என்றார்.

ஓடினோம். சமையலறைத் தரையில் கிடந்தார் தாத்தா. மதியம் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. போன் அடித்தது அவருக்குக் கேட்டிருக்கிறது, எட்டவில்லை. ஆம்புலன்ஸ் வரும் வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கை ஜில்லென்று இருந்தது. ‘மணி என்ன, லவ்?’ என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார். ராத்திரி முழுக்க அப்படியே கிடந்திருந்தால்... அதற்கு மேல் யோசிக்கப் பிடிக்கவில்லை.

அன்று ராத்திரி அண்ணாவிடம் வெடித்தேன். ‘‘உங்க பத்து பம்ப் பப்ல ஒரு ஆள் வரலைன்னா யாருக்குண்ணா தெரியும்?’’

அண்ணா கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார். ‘‘அங்கயும் ரெகுலர் இருக்காங்கடா, அவங்களையும் தேடுவாங்க. அது இருக்கட்டும்... அந்தத் தாத்தா ஏன் தினமும் அங்க போனாரு? சூப்பர் மார்க்கெட்ல டின் பியர் பாதி விலைதான். வீட்டுலயே உடைச்சுக் குடிச்சிருக்கலாம்ல? அந்தம்மா பியரை ஒழுங்கா வெச்சிருந்துச்சு, அதான் போனாரு. தினமும் போனதாலதான் வராதது தெரிஞ்சுச்சு.’’

யோசிச்சுப் பார்த்தேன். ஃபீட்பேக் லூப்! ஆள் வந்தால் பீப்பாய் சீக்கிரம் காலியாகும், ஏல் ஃப்ரெஷ்ஷாக இருக்கும். ஏல் ஃப்ரெஷ்ஷாக இருந்தால் ஆள் வரும். எந்தப் பக்கம் அறுந்தாலும் மொத்தமும் அறுந்துவிடும். மூணாவது ரவுண்ட் டிரா.

*ஆர்வெல் சொன்னதும் காம்ரா செய்றதும்*

ஜார்ஜ் ஆர்வெல் தெரியும்தானே? நம்ம பீகார் மோதிஹாரியில் 1903-ல் பிறந்தவர். 1946 பிப்ரவரியில் லண்டன் ‘ஈவ்னிங் ஸ்டாண்டர்டு’ பத்திரிகையில் ‘தி மூன் அண்டர் வாட்டர்’ என்று ஒரு கற்பனை பப்பைப் பற்றி எழுதினார். நல்ல பப்புக்கு அவர் சொன்ன லட்சணங்கள் பத்து. பேச முடிகிற அமைதி, வாடிக்கையாளர்களின் பேரைத் தெரிந்து வைத்திருக்கும் பணிப்பெண்கள், குழந்தைகளோடு உட்காரத் தோட்டம்... இப்படிப் போகிறது லிஸ்ட். பியருக்கும் அதில் இடம் உண்டு, ஆனால் முதலிடம் இல்லை. முதலிடம் சூழலுக்குத்தான்.

சரி, அவர் எழுத்தாளர். காம்ரா? தேசிய பப் போட்டிக்கு அவர்கள் பார்ப்பது பியரின் தரம், வரவேற்பு, சூழல், சேவை, ஊரோடு உள்ள உறவு, கொடுக்கும் காசுக்கு மதிப்பு. 2016-ன் சிறந்த பப்பாக அவர்கள் தேர்ந்தெடுத்தது ஹட்ஸ்வெல் என்ற யார்க்‌ஷயர் கிராமத்தின் ‘ஜார்ஜ் அண்ட் டிராகன்’. 2008-ல் மூடிப் போனதை ஊர் ஜனங்களே காசு போட்டு வாங்கி 2010-ல் திறந்தார்கள். உள்ளே ஒரு குட்டி லைப்ரரி, ஒரு மளிகைக் கடை! இதை அண்ணாவிடம் காட்டினேன். ‘‘ம்... ஒத்துக்கறேன்’’ என்றார், பம்ப்பை எண்ணுவதை மட்டும் விடாமல்.

*விற்பனைக்கு!*

நான் கிளம்புவதற்கு முந்தின வாரம் அந்த இரண்டு பம்ப் பப்பின் வாசலில் ஒரு போர்டு. ‘விற்பனைக்கு’.

2000-ல் பிரிட்டனில் சுமார் 60 ஆயிரம் பப் இருந்தன. 2023-ல் அது ஏறக்குறைய 45 ஆயிரம். வரி, கரன்ட் பில், சூப்பர் மார்க்கெட் விலை, கொரோனா... காரணம் நிறைய. மூடினால் அபார்ட்மென்ட்.

2011-ல் வந்த லோக்கலிசம் சட்டம் ஒரு வழி வைத்தது. உள்ளூர் வாக்காளர்கள் 21 பேர் சேர்ந்தால், ‘இது ஊரின் சொத்து’ என்று பப்பைப் பதிவு செய்ய கவுன்சிலிடம் மனு கொடுக்கலாம். அப்புறம் ஓனர் விற்க நினைத்தால், ஊர்க்காரர்கள் பணம் திரட்ட ஆறு மாசம் வரை அவகாசம் கேட்கலாம். ஆனால், அவர்களுக்குத்தான் விற்கணும் என்று கட்டாயம் இல்லை.

கையெழுத்து வாங்க அந்த அம்மா கிளம்பினார். நான் வாக்காளர் இல்லை. அதனால் கிளிப்போர்டைச் சுமந்தேன். முதல் கையெழுத்து, ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து தாத்தா போட்டது. போட்டுவிட்டுக் கேட்டார், ‘‘இன்னிக்கு ரெண்டாவது பம்ப்ல என்ன ஓடுது?’’

போன மாசம் அண்ணா மெயில் அனுப்பினார். லிஸ்ட்டில் சேர்ந்துவிட்டதாம். பணம்தான் இன்னும் பாதி தூரம்கூடத் தாண்டவில்லை. தாத்தா வாக்கருடன் நடந்து வருகிறார். இப்போது ஐந்தே காலுக்கே கிளம்பினால்தான் ஐந்தரைக்கு வந்து சேர முடிகிறது. அண்ணாவும் வாரம் ஒருநாள் அங்கே போகிறாராம். இரண்டே பம்ப்தான், ஆனாலும் போகிறாராம்!

ஊருக்கு வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பப்பில் குடித்தே அழிந்தவர்களும் அந்த ஊரில் உண்டு என்பதையும் மறைக்கவில்லை. ‘14 பப்’ என்றதும் முறைத்தார்கள். தாத்தா கதை வந்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். கடைசியில் சொன்னது இதுதான்.

‘‘உங்க தாத்தா ஒருநாள் டீக்கடைக்கு வரலைன்னு கடைக்கார அண்ணன் சைக்கிள்ல வீடு தேடி வந்தாரே, அந்த மாதிரின்னு சொல்லு. அங்க மட்டும் என்ன, பத்து வகை டீயா இருந்துச்சு?’’

இல்லம்மா. ஒரே வகைதான். ஆனா, டீ நல்லா இருக்கும்!